பதினைந்து மீட்டர் கயிறு

எனக்குத் தண்ணியில கண்டம் என்று பாட்டி சொல்வார். நான் பிறந்த சமயத்தில் கோயில் ஐயர் எழுதிக் கொடுத்த குறிப்பில் அப்படி இருக்கிறதாம். அந்தக் குறிப்பை இதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதன் பலனை முழுக்க அனுபவித்திருக்கிறேன். பள்ளியில் போர்ட்டிக்சனுக்குச் சுற்றுலா என்றால் அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அம்மா ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்துவிடுவார். குடும்பத்தோடு லுமுட்டுக்குப் போனாலும் மணலில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடுவோம், கடலைப் பார்ப்போம், திரும்பி வந்துவிடுவோம்.

கண்டம் என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். பாட்டி வீட்டு ஹாலில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தில் பள்ளிச் சட்டையோடு இருப்பார். அம்மாவின் அண்ணன். எனக்கு மாமா. 1984இல் கம்பார் பக்கத்தில் ஓர் ஈயக்குட்டையில் முழுகிப் போனார். அவருக்கு வயது 14, அம்மாவுக்கு 9. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டி எடுத்தவர்கள் குழிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். குழிகளில் மழைநீர் நிறைந்து குட்டைகள் ஆயின. மேலே பார்த்தால் அசையாத பச்சைத் தண்ணீர். கரையில் இரண்டடி வைத்தால் மூன்றாவது அடிக்குத் தரை இருக்காது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நீந்தத் தெரியாது என்பதற்கும், யாரும் நீந்தக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அந்தப் படம்தான் காரணம்.

இந்தக் குடும்பத்திலிருந்து போன நான் பல்கலைக்கழகத்தில் கயாக் குழுவில் சேர்ந்தது ஒரு விபத்து. புறப்பாட நடவடிக்கைக்குப் பதியும்போது பேட்மிண்டன் நிரம்பிவிட்டது, சீலாட் நிரம்பிவிட்டது. கயாக்கில் மட்டும் இடம் இருந்தது. முதல் ஆண்டு முழுக்க நீச்சல் குளத்தில் கழிந்தது. 50 மீட்டர் நீந்தினால்தான் படகைத் தொட விடுவார்கள். நான் 50 மீட்டர் நீந்தி முடித்த அன்றைக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அம்மாவிடம் "ஏரியில படகு ஓட்டறோம்மா, லைஃப் ஜாக்கெட் எல்லாம் போட்டுத்தான்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அதில் பொய் இல்லை. வளாகத்துக்குள் ஒரு ஏரி இருந்தது. அதற்குப் பிறகு ஆறுகள் இருந்தன என்பதைத்தான் சொல்லவில்லை.

*

ஆற்றுக்குப் போவதற்கு முன் ரோல் பழக வேண்டும். கயாக்கில் உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பாவாடையைப் படகின் வாயோடு இறுக்கி மாட்டிவிட்டால், நீங்களும் படகும் ஒரே உடம்பு. படகு கவிழ்ந்தால் நீங்கள் தலைகீழாகத் தொங்குவீர்கள். பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரலாம். அதற்கு 'ஸ்விம்' என்று பெயர், நீந்தத் தெரியாதவன் செய்தாலும். அல்லது துடுப்பைத் தண்ணீர்மேல் விரித்து, இடுப்பைச் சுண்டி, படகை நிமிர்த்தி எழலாம். அதுதான் ரோல்.

ரோலின் ரகசியம் ஒன்றுதான்: தலை கடைசியில் வர வேண்டும். முதலில் இடுப்பு, பிறகு முதுகு, எல்லாம் மேலே போன பிறகு தலை. ஆனால் தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிற ஒருவர் முதலில் என்ன செய்வார்? தலையைத் தூக்குவார். தலையைத் தூக்கினால் இடுப்பு அமுங்கும், படகு திரும்பக் கவிழும். உயிர்மேல் இருக்கிற ஆசையே ஆளை முழுகடிக்கும். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எங்கள் கேப்டன், சரவாக்கிலிருந்து வந்த ஈபான் சீனியர், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொரு தடவையும் என் ஹெல்மெட்டைத் தட்டி "தலை, டிக், தலை" என்பார். நான் அவரை ஆபாங் என்று கூப்பிடுவேன். இந்தக் கட்டுரை முழுவதும் அவர் ஆபாங்தான்.

2024 மார்ச்சில் முதல் ஆறு. கோப்பெங்கில் சுங்கை கம்பார். வேனில் போகும்போது பாட்டி வாழ்ந்த ஊரைத் தாண்டித்தான் போனோம் என்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஒரு செமாய் அண்ணன். படகை இறக்குவதற்கு முன் எங்களைப் பாறைமேல் உட்கார வைத்து அரைமணி நேரம் ஆற்றைப் பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க ஆறு எழுத்தாக மாறியது. தண்ணீரில் V போன்ற வடிவம் தெரியும். அதன் கூர்முனை கீழ்நோக்கி, ஓட்டத்தின் திசையில் இருந்தால் அது வழி. இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஆழமான தண்ணீர் நாக்கு நீட்டுகிறது. கூர்முனை மேல்நோக்கி, நம்மைப் பார்த்து இருந்தால் அங்கே முழுகிய பாறை இருக்கிறது. இதே ஓர் எழுத்து, நிமிர்ந்தால் வா என்கிறது, கவிழ்ந்தால் வராதே என்கிறது. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் ஓர் இடம் உண்டு. அதை எடி என்கிறோம். அது ஆற்றின் திண்ணை. அங்கே நுழைந்து மூச்சு வாங்கலாம், அடுத்தது என்ன என்று எட்டிப் பார்க்கலாம். ஒரு திண்ணையிலிருந்து இன்னொரு திண்ணைக்குப் போவதுதான் கயாக். படம் பார்ப்பவர்கள் நினைப்பதுபோல் வேகமாக அடித்துக்கொண்டு போவது இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு இறங்கிய நான் அன்று நான்கு முறை ஸ்விம் செய்தேன். உலகம் முழுக்கக் கயாக் ஓட்டுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஸ்விம் செய்தவர் தன் காலணியில் பீர் ஊற்றிக் குடிக்க வேண்டும். எங்கள் குழுவில் பீருக்குப் பதில் 100 பிளஸ். நான்கு காலணி 100 பிளஸ் குடித்துவிட்டு வேனில் திரும்பும்போது என் வயிற்றில் சுங்கை கம்பார் பாதி இருந்தது. முட்டியெல்லாம் நீலம். அன்றிரவு அம்மா வீடியோ காலில் வந்தபோது சட்டையின் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

*

ஜூலையில் முதல் போட்டி. ஸ்லாலம். ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி அதிலிருந்து இரண்டிரண்டு கழிகளைத் தொங்க விடுவார்கள். பச்சைக் கழிகளுக்கு நடுவே ஓட்டத்தோடு போக வேண்டும். சிவப்புக் கழிகளுக்கு நடுவே ஓட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். கழியில் உடம்போ துடுப்போ பட்டால் 2 விநாடி தண்டம். ஒரு வாசலையே தவறவிட்டால் 50 விநாடி. நான் இரண்டு சிவப்பு வாசல்களைத் தவறவிட்டேன். ஒரு பச்சை வாசலில் தலைகீழாக நுழைந்தேன். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது. ஆனால் ரோல் வந்தது. போட்டியின் நடுவில், ஆற்றில், முதல் முறையாக. தலை கடைசியில் வந்தது. கரையில் எங்கள் குழு கத்தியதைப் பார்த்து நான்தான் ஜெயித்தேன் என்று மற்ற பல்கலைக்கழக மாணவர்கள் நினைத்திருக்கக்கூடும்.

அந்த மாதக் கடைசியில் பாரிஸ் ஒலிம்பிக் தொடங்கியது. மாமாக் கடையில் இரவு பத்து மணிக்குமேல் ஒரு கைப்பேசியைச் சுற்றி ஏழு தலைகள். ஆஸ்திரேலியாவின் ஜெசிக்கா ஃபாக்ஸ் கயாக், கனூ ஸ்லாலம் இரண்டிலும் தங்கம் வாங்கினார். முதல் முறையாக ஒலிம்பிக்கில் சேர்த்த கயாக் கிராஸில் அவருடைய தங்கை நோயெமி தங்கம் வாங்கினார். நான்கு பேர் ஒரே நேரத்தில் மேடையிலிருந்து தண்ணீரில் குதித்து முட்டிமோதிக்கொண்டு போவார்கள். நடுவில் ஓரிடத்தில் எல்லாரும் கட்டாயம் ஒரு ரோல் போட வேண்டும். அந்த ஆறு பம்ப் வைத்து ஓட்டுகிற ஆறு. போட்டி முடிந்தால் நிறுத்திவிடலாம். "நம்ம ஆத்துக்கு சுவிட்சு எங்க இருக்கு?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்த ஜூனியர்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவன். என்னைப் போலவே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பதிவு நாளில் எந்தக் கூடாரத்தில் நிற்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தவனை "வா தம்பி, இங்க வா" என்று கூட்டிக்கொண்டு வந்து குழுவில் சேர்த்தது நான்தான். குழுவில் தமிழ் பேச எனக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அவன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் கைப்பேசியில் பேசினேன். "கவலைப்படாதீங்க ஆண்ட்டி, நான் பாத்துக்கறேன்." என் அம்மாவிடம் சொல்ல முடியாத தைரியமான சொற்களை இன்னொருவர் அம்மாவிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது!

செமஸ்டர் விடுமுறையில் சபாவுக்குப் போனோம். சிக்கனமாக இருந்தால் பிடிபிடிஎன் கடன் பணத்தில் ஒரு விமான டிக்கெட் மிச்சம் பிடிக்கலாம். மூன்று மாதம் இன்ஸ்டன்ட் மீ சாப்பிட்டேன். பியூபோர்ட்டிலிருந்து தெனோம் போகிற ரயில் பாதை பாடாஸ் ஆற்றை ஒட்டியே பள்ளத்தாக்குக்குள் போகிறது. ரயில் ஜன்னலுக்குக் கீழே ஆறு. கம்பார் ஆறு தெளிந்த, பாறை நிறைந்த சின்ன ஆறு, கண்ணால் படிக்கலாம். பாடாஸ் பழுப்பு நிறத்தில், அகலமாக, கனமாக வரும். சத்தமே வேறு. சுங்கை கம்பார் சலசலக்கும் என்றால் பாடாஸ் உறுமும். ரயில் சத்தத்தைத் தாண்டி அது கேட்டது.

பாடாஸில் நான் கணியன் பூங்குன்றனாரோடு சண்டை போட்டேன். எங்கள் தமிழ்ப்பள்ளி மண்டபச் சுவரில் அவருடைய பாட்டின் முதல் வரி பெரிதாக எழுதியிருக்கும். எல்லாத் தமிழ் மாநாட்டிலும் அதைச் சொல்வார்கள். அதே பாட்டில் கொஞ்சம் கீழே மின்னலும் மழையும் வருகிறது. கல்லில் மோதி இரைச்சலிடும் பெரிய ஆறு வருகிறது. அந்த ஆற்றோடு போகிற ஒரு புணை வருகிறது. உயிர் அந்தப் புணையைப் போல முறைவழியே போகும் என்கிறார். கயாக் ஓட்டுபவர் யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். தண்ணீரின் வேகத்திலேயே நீங்களும் போனால் படகைத் திருப்ப முடியாது. தண்ணீரைவிட வேகமாகப் போக வேண்டும், அல்லது மெதுவாகப் போக வேண்டும். அந்த வித்தியாசத்தில்தான் துடுப்புக்கு வேலை. "புலவரே, உங்க புணையில துடுப்பு இல்ல, அதான் பிரச்சனை" என்று அன்று இரவு நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பாட்டியின் கண்டத்துக்கும் சேர்த்து எழுதிய பதில் அது. பாடாஸில் இரண்டு நாளில் ஒரே ஒரு ஸ்விம். எனக்குக் கொஞ்சம் திமிர் வந்திருந்தது.

*

கோலகுபு பாருவுக்குப் பக்கத்தில் அம்பாங் பெச்சா என்று ஓர் ஊர் இருக்கிறது. உடைந்த அணை என்று பொருள். 1883இல் அங்கே அணை உடைந்து பழைய கோலகுபு பெரும் அழிவைச் சந்தித்தது. பிறகு மேட்டில் கட்டிய ஊர் என்பதால்தான் பாரு, புதியது. இப்போது அதற்கும் மேலே சுங்கை சிலாங்கூரில் பெரிய அணை இருக்கிறது; தலைநகர வட்டாரத்து வீடுகளின் குழாய்க்குப் போகும் தண்ணீர். அணைக்குக் கீழே இருக்கும் ஆற்றில்தான் கயாக் ஓட்டுகிறோம்.

நவம்பர் மாதம், தீபாவளி முடிந்த அடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை. முந்தைய இரவு மழை. ஆறு தே தாரேக் நிறத்தில் இருந்தது. ஆபாங் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு மேல்பகுதி வேண்டாம், கீழ்ப்பகுதி மட்டும் என்றார். கீழ்ப்பகுதியில் ஒரு வளைவு உண்டு. வளைவின் வெளிப்பக்கம்தான் தண்ணீர் தள்ளும். அங்கே ஒரு மூங்கில் புதர் சரிந்து பாதி ஆற்றுக்குள் கிடந்தது. மலேசிய ஆறுகளில் பாறையைவிட மூங்கிலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பாறை தண்ணீரைத் தள்ளிவிடும். அதோடு நம்மையும் தள்ளிவிடும். மூங்கில் புதர் அப்படி இல்லை. டீ வடிகட்டி மாதிரி. தண்ணீரை விட்டுவிட்டு ஆளை வைத்துக்கொள்ளும்.

அதனால் அந்த வளைவில் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். கையில் எறிகயிறு. ஒரு சிறிய பைக்குள் 15 மீட்டர் மிதக்கும் கயிறு திணித்திருக்கும். பையின் வாயைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். கயிற்றின் நுனி ஒரு கையில், பை இன்னொரு கையில். ஆள் வந்தால் 'கயிறு!' என்று கத்திவிட்டு எறிய வேண்டும். அன்று அந்த இடத்தில் நிற்கும் முறை என்னுடையது.

என் கையில் கைப்பேசி இருந்தது.

ஜூனியரின் அம்மா கேட்டிருந்தார். "ஒரு வீடியோ அனுப்புமா, எப்படி ஓட்டறான்னு பாக்கணும்." தீபாவளி விடுமுறையில் அவன் வீட்டில் பெருமையாகப் பேசியிருக்கிறான். எறிகயிற்றுப் பை வாய் இறுக்கியபடி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. 9ஆவது விநாடியில் அவன் வளைவுக்குள் வருகிறான். சிரிக்கிறான், என் பக்கம் பார்க்கிறான். கேமராவைப் பார்த்ததால்தான் அந்த அலையைப் பார்க்கவில்லை. 14இல் கவிழ்கிறான். 17இல் ஒரு ரோல். தலை முதலில் வருகிறது. 21இல் இன்னொன்று, மறுபடியும் தலை. 24இல் படகை விட்டு வெளியே வருகிறான். அதற்குப் பிறகு வானம், பிறகு புல். கைப்பேசி கீழே கிடக்கிறது. சத்தம் மட்டும்தான்.

முதல் எறி 29இல். பையின் வாய் இறுகியிருந்ததால் மூன்று நான்கு மீட்டர் கயிறு மட்டும் வெளியே வந்து, பை சுண்டிக்கொண்டு எனக்கு முன்னால் விழுந்தது. அவன் என்னைத் தாண்டிப் போனான். "அக்கா" என்று ஒரு குரல் வீடியோவில் கேட்கிறது. பெரிய கத்தல் இல்லை. கடையில் ஏதோ வாங்க மறந்துபோனதை நினைவுபடுத்துகிற மாதிரி, அக்கா. பிறகு மூங்கில். நெஞ்சு மூங்கிலில் மோதி இரண்டு கைகளும் மேலே. கால்களைத் தண்ணீர் அடியில் இழுத்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்: மரம் வந்தால் அதை நோக்கி வேகமாக நீந்தி, மேலே ஏறு. யாருக்கு அந்த நேரத்தில் வகுப்பு ஞாபகம் வரும்? கரையில் நின்ற எனக்கே வரவில்லை.

பையின் வாயைப் பல்லால் கடித்துத் தளர்த்தினேன். பையில் தண்ணீர் மொண்டு, கனமாக்கி, எறிந்தேன். அது அவனுக்கு அந்தப் பக்கம் விழுந்து, கயிறு அவன் தோள்மேல் கிடந்தது. "கையில சுத்தாத! நெஞ்சோட பிடி!" என்று நான் கத்துவது கேட்கிறது. இரண்டாவது எறி 52ஆவது விநாடியில். 23 விநாடி வித்தியாசம். அதற்கு முன் யார் கேட்டாலும் அஞ்சு நிமிஷம் இருக்கும் என்று சொல்லியிருப்பேன். என்னால் தனியாக இழுக்க முடியவில்லை. அவன் எடை இல்லை, ஆற்றின் எடை. மேலே ஒரு எடியில் படகை விட்டுவிட்டு ஓடிவந்த ஆபாங் பின்னாலிருந்து என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்தார். இருவரும் கரைப் பக்கமாகப் பின்னால் நடந்தோம். அவன் வந்தான். ஒரு காலணி போனது, துடுப்பு போனது, விலாவில் பெரிய காயம். உயிருக்கு ஒன்றுமில்லை.

எங்கள் குழுவில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். தவறை மறைக்கக் கூடாது என்பது விதி. யாரையும் திட்டக் கூடாது என்பதும் விதி. என் முறை வந்தபோது "பையோட வாய் சிக்கிக்கிச்சு" என்றேன். பொய் இல்லை. ஏரியில் படகு ஓட்டுகிறேன் என்று அம்மாவிடம் சொன்ன மாதிரியான பொய் இல்லை. ஆபாங் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஓடிவரும்போது புல்லில் கிடந்த கைப்பேசியைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஜூனியர் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து கொடுத்தான். நிறைய முறுக்கு. "அம்மா குடுத்தாங்க. நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு சொன்னேன்." நான் வாங்கிக்கொண்டேன். அறைத்தோழிகள் அதை இரண்டு நாளில் தீர்த்தார்கள். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். மூன்று சாப்பிட்டேன். நல்ல முறுக்கு.

*

டிசம்பர் தொடக்கத்தில் இரண்டாவது போட்டி, அதே ஆற்றில். தொடக்கக் கோட்டிலிருந்து கீழே பார்த்தால் அந்த வளைவு தெரியும். மூங்கில் இல்லை. உள்ளூர் ராஃப்டிங் ஆட்கள் பாராங்கால் வெட்டி இழுத்துப் போட்டிருந்தார்கள். கரையில் அடுக்கி வைத்திருந்த அந்தக் கழிகள் எவ்வளவு மெலிதாக இருந்தன! எல்லா வாசல்களிலும் நுழைந்தேன். இரண்டு கழிகளைத் தொட்டேன், 4 விநாடி தண்டம். பதினோரு பேரில் நான்காவது. ஜூலையில் இந்த இடத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். இப்போது முடித்துவிட்டுக் கரையேறியதும், பாதுகாப்புக்கு நின்றவர்களின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லார் கையிலும் பை, வாய் தளர்ந்திருந்தது. ஒருவர் தன் கைப்பேசியை ஹெல்மெட்டுக்குள் வைத்து, ஹெல்மெட்டைத் தூரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்.

கணியன் பூங்குன்றனாரிடம் போட்ட சண்டை அன்று ஞாபகத்துக்கு வந்தது. புணையில் துடுப்பு இல்லை என்று குறை சொன்னேன். அவர் புணையைப் பற்றிச் சொன்னார், ஆற்றைப் பற்றிச் சொன்னார். கரையில் நிற்கிற ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதுவரை அதை யோசிக்கவில்லை. ஒன்பது மாதம் ஆற்றில் என்னை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்றுதான் பழகியிருந்தேன்.

தேர்வு முடிந்து வீட்டுக்குப் போனேன். எறிகயிற்றைப் பையிலிருந்து எடுத்து முழுக்கக் காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். வெளியே துணிக்கொடியில் போட்டிருந்தேன். அம்மா துணி எடுக்க வந்தவர் நின்றார்.

"இது என்னா கயிறு?"

சொன்னேன். ஏரி இல்லை ஆறு என்று சொன்னேன். கோப்பெங் என்று சொன்னேன். மூங்கிலையும் சொன்னேன், கைப்பேசியையும் சொன்னேன். அம்மா திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கயிற்றைப் பிடித்து விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நீளம்?"

"பதினஞ்சு மீட்டர்."

"பதினஞ்சு மீட்டர்னா?"

நான் நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு நடந்தேன். எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, எதிர்வீட்டு வேலிவரை போனது. அம்மா அந்தப் பக்கம் நின்று பார்த்தார். 2018இல் பூச்சோங்கில் ஒரு பழைய ஈயக்குட்டையில் விழுந்த பையனைத் தேடிப் போய் ஆறு தீயணைப்பு வீரர்கள் முழுகி இறந்தபோது அம்மா டிவியை அணைத்துவிட்டு இதே மாதிரி வாசலில் வந்து நின்றது ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு அவ்வளவு தூரம்கூட இல்ல பாப்பா" என்றார். "எல்லாரும் கரையில நின்னாங்க. பெரியவங்கதான், ஏழெட்டுப் பேரு. கொக்கி கட்டுன கழி ஒன்னு கொண்டாந்தாங்க, எட்டல. நான் அவங்க காலுக்கு நடுவுல பாத்துக்கிட்டு இருந்தேன். கண்டம் கண்டம்னு உங்க பாட்டி அப்புறமாத்தான் சொல்ல ஆரம்பிச்சாங்க."

நாற்பது வருடத்தில் அவர் மாமாவைப் பற்றி என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்தேன். பைக்குள் திணிக்க அம்மா உதவினார். கயிற்றைச் சுற்றித் திணிக்கக் கூடாது, கைக்கு வந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். அப்போதுதான் சிக்காமல் வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். கடைசி முழம் உள்ளே போனதும் கேட்டார்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லு. அவங்கம்மா உனக்கு முறுக்கு சுட்டு அனுப்பியிருக்காங்க."

அன்றிரவு அவனுக்கு வீடியோவை அனுப்பினேன். கீழே நடந்ததை அப்படியே எழுதினேன். என் கையில் என்ன இருந்திருக்க வேண்டும், என்ன இருந்தது. இரண்டு நீலக்குறி வந்தது. வெகுநேரம் பதில் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வரி.

"அக்கா, இத எங்கம்மாவுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."

அடுத்த வரி கொஞ்சம் தள்ளி வந்தது. "ரெண்டு ரோல்லயும் தலையத்தான் மொதல்ல தூக்கியிருக்கேன்."

மன்னித்தான் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் சொல்லவும் இல்லை. புதிய செமஸ்டர் தொடங்கியதும் வட்டத்தில் எல்லார் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும். ஆபாங்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அதற்குமுன் இன்னொரு வேலை இருக்கிறது. அந்த மைலோ டின்னைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் டின்னாகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா அதிரசத்துக்கு அரிசி ஊற வைத்திருக்கிறார்.